ஒன்பதாவது பொத்தான்

என் மகளின் பேச்சுப் பெட்டியிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கியவர் நீங்கள்தான், நாவலூர் எஞ்சினியர் சார்.

செங்கல்பட்டில் அவள் படித்த சிறப்புப் பள்ளிக்கு நீங்கள் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு, அழுத்தினால் பேசும் பெட்டி செய்யப்போவதாகச் சொன்னீர்கள். என்னென்ன பொத்தான் வேண்டும் என்று டீச்சர்களைக் கேட்டீர்கள், அம்மாக்களைக் கேட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. எட்டுப் பொத்தான்களில் இரண்டு நன்றி சொல்ல. “எனக்குத் தாகமாக இருக்கிறது” என்று அது ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சொன்னதும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். என் மகள் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.

நல்ல மனிதர்தான் நீங்கள். அடுத்த வாரம் வந்து தரையில் உட்கார்ந்து, படங்களைப் பரப்பிப் பிள்ளைகளிடமே கேட்டீர்கள். அவள் கேசரிப் படத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். ‘கேசரி ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதிக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் எங்கள் பள்ளிக்கு வந்துதான் கேசரி ஊட்டிப் போட்டோ எடுப்பார்கள். அந்த வாரம் மட்டும் நாலு பிறந்தநாள்.

“அவ வேணாம்னு தட்றா சார். ஊர்ல எவன் பொறந்தாலும் இவ வயிறுதான் வீங்குது.”

ஒன்பதாவது பொத்தான் அப்படித்தான் வந்தது. என் குரலிலேயே பதிந்தீர்கள். அவள் தலையாட்டும்வரை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவள் ஒப்புக்கொண்டது: “போதும், எடுத்துகினு போ.”

முதலில் மாட்டியவர் பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தந்த பெரியவர். கரண்டியை நீட்டினார், அவள் அழுத்தினாள். டீச்சர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரோ, “இன்னாமா, பொட்டி என்னயே வெரட்டுது” என்று சிரித்துவிட்டு அந்தக் கேசரியைத் தானே தின்றார்.

ஆண்டு விழாவில் புதுப் பெயின்ட் அடித்த பெட்டியைக் கொடுத்தீர்கள். ஒன்பதாவது பொத்தான் இருந்த இடத்தில் சிரிக்கும் பூ ஒன்று ஒட்டியிருந்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் ஊட்டினார்கள். அவள் அந்தப் பூவை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் கேட்டதற்கு, இடம் போதவில்லை என்றீர்கள்.

பிள்ளைகளே வடிவமைத்த பெட்டி என்று இப்போதும் மேடைக்கு மேடை சொல்கிறீர்களாம். அடுத்த முறை சொல்லும்போது மைக்கைக் கீழே வைக்காமல் இதற்கும் பதில் சொல்லுங்கள். ஊட்ட வந்த பெரியவரே சிரித்துவிட்டுப் போனார். பிறகு யார் சொல்லி அதை எடுத்தீர்கள்? அவளைக் கேட்டீர்களா?