டேப் வைத்து அளந்த ஆட்டச் செய்தி

போன வாரம் சட்டைக்கு அளவு கொடுக்கப் புதியம்புத்தூர் போயிருந்தேன். தையல்காரர் கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. பாவம், பதறிப்போய் ஃபேனைக் கூட்டினார். ஒரு காலத்தில் அந்த டேப் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எங்கள் பக்கம் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். கால்பந்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் புதியம்புத்தூர் தையல்காரர்களும் கயத்தாறு லாரிக்காரர்களும் மட்டுமே. கரிசல் தரையில் மழை பெய்தால் பூட்ஸில் மண் அப்பும், வெயில் அடித்தால் வெடிப்பில் கால் மாட்டும். இவ்வளவு பாடுபட்டு ஆடுகிறவனுக்குப் பேப்பரில் பெயர் வராவிட்டால் கோபம் வராதா? வரும். என் மேல்தான் வரும்.

ஆட்டம் முடிந்ததும் செய்தியைத் திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போனில் சொல்வேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் அங்கே செய்தியின் வாலை நறுக்குவார்கள். ஜெயித்தவர்களை முதலில் எழுதுவது வழக்கம், ஆகவே நறுக்குப்படுவது எப்போதும் தோற்றவர்கள். இது எந்த ரசிகருக்குப் புரியும்? புதியம்புத்தூர் அணித் தலைவர் சுடலைமுத்து ஒருநாள் வீட்டுக்கே வந்து, பேப்பரை விரித்து, டேப்பால் அளந்து காட்டினார்.

“அவியளுக்கு நாலரை இஞ்ச். எங்களுக்கு ஒண்ணே கால். உங்க மாமனார் ஊரு கயத்தாறுதான அண்ணாச்சி?”

கயத்தாறுதான். அதற்கு நான் என்ன செய்ய? கயத்தாறுக்காரர்களோ, நான் போடுகிற சட்டையெல்லாம் புதியம்புத்தூர் தையல் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் புகார் போனது. இன்னொன்று வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கோ கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிருபர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது இறுதி ஆட்டம். இந்த முறை உஷாராக, இவர்களுக்கு ஒரு வரி, அவர்களுக்கு ஒரு வரி என்று மாற்றி மாற்றி எழுதினேன். யார் ஜெயித்தார்கள் என்பதை முதலில் சொன்னால்தானே வம்பு? அதைக் கடைசி வரியில் வைத்தேன். அன்று ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்து தொலைத்தது. (ஜெயித்தது புதியம்புத்தூர். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.)

காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்த்துப் பார்த்ததே அன்றுதான். சுடலைமுத்து அளந்து பார்த்து, இரண்டு பேருக்கும் சமம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஜெயித்தவர் பெயரைக் காணோமே என்றார். என் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். கயத்தாறு அணியை நடத்திய லாரி ஷெட் அண்ணாச்சி அதைக் குடித்து முடித்துவிட்டு, எங்கள் வீட்டுப் போனிலிருந்தே ஆசிரியரைக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“ஆள மாத்திராதிய சார். இவரு ரெண்டு ஊருக்கும் ஒரே மாதிரி துரோகம் செய்யுதாரு.”

வேலை தப்பியது.

இப்போதும் அதே பேப்பருக்குத்தான் எழுதுகிறேன். இந்த வருஷ இறுதி ஆட்டச் செய்தியில் ஜெயித்த ஊரும் தோற்ற ஊரும் மாறி அச்சாகிவிட்டன. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மதியம் பொறுக்கமாட்டாமல் ஜெயித்த அணித் தலைவனை நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“அப்படியா சார்? கோல் வீடியோவ நாங்க நேத்தே போட்டாச்சு. பேப்பர் யாரு பாக்கா?” என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

வேலை போய்விட்டது போல எனக்கு இருந்தது அன்றைக்குத்தான்.