கிடாரம் ஏறாத ஏழு நாள்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினாறாம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு சித்தி லைலாவை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் நகரத்துக்குள் நுழையுமுன் கடக்க வேண்டிய தென்னக்கும்புரப் பாலத்தின் அருகே, மகாவலி ஆற்றங்கரையில், மூன்று கற்களின் மேல் ஒரு பெரிய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னே கையில் நீண்ட அகப்பையுடன் அவர் நின்றார். புகையில் கண்கள் சிவந்திருந்தன.

அந்தப் பயணத்துக்கு என்னை அழைத்தவர் அவருடைய கணவரின் மூத்த சகோதரர் அப்துல் ஹமீட். நாங்கள் இருவரும் கல்முனையில் ஒரே பாடசாலையில் கற்பித்தோம். கிழக்குக் கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் முஸ்லிம் குடும்பங்கள் அக்காலத்தில் பெரும்பாலும் கிடாரத்தையும் அரிசியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டே போயின. வெளியில் உண்பது மார்க்கப் பேணுதல் அல்ல என்பது ஒரு காரணம். ஆறு பேர் சுற்றியிருந்து சஹன் என்னும் ஒரே பெரிய தட்டில் கைவைத்து உண்டால்தான் பயணம் பயணமாகும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சமைக்க ஒருவர் வேண்டும். ஹமீட் ஆசிரியரின் குடும்பத்தில் அந்த ஒருவர் சித்தி லைலா.

மற்றவர்கள் நகரத்துக்குப் போயிருந்தார்கள். மறந்துவிட்ட குடையை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன்.

"கண்டி வாவி எப்பிடி சேர்? பெரிசா?" என்று கேட்டார்.

"நீங்க இன்னும் பாக்கல்லியா?"

"கண்டிக்கு இதோட மூணு தரம் வந்திட்டன். பாலத்தக் கண்டன், ஆத்தக் கண்டன், இந்தக் கிடாரத்தக் கண்டன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பன்னிரண்டு மணிக்கு வாறன். அடுப்ப நான் பாக்கிறன். நீங்க ஒரு திரீவீல்ல போய் அரை மணித்தியாலத்தில வாவியப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

"ஓம் சேர். அதுக்குள்ள இறைச்சியும் வெந்திரும்" என்றார். அகப்பையைக் கிடாரத்தின் விளிம்பில் தட்டியபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் நகரத்தில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். வெளியே வந்தபோது ஒரு மணி. ஆற்றங்கரையை அடைந்தபோது சஹன்கள் பரப்பப்பட்டிருந்தன. அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சஹனில் மட்டும் இறைச்சி சற்றுக் கூடுதலாக இருந்தது.

சித்தி லைலா நற்பிட்டிமுனையில் பிறந்தவர். கணவர் அப்துல் ஸமட்டுக்கு ஐந்து ஏக்கர் வயல் உண்டு. எங்கள் ஊர் வழக்கப்படி, வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். 2002க்கும் 2017க்கும் இடையில் அந்தக் குடும்பம் கண்டிக்கு ஆறு முறை போனது. ஆறு முறையும் அவர் பாலத்தடியிலேயே நின்றார். பிறகு, 2018இல், கலவரக்காரர்கள் அந்த வீதியில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். அதற்கடுத்து கொரோனாவும் எரிபொருள் வரிசையும் வந்தன. பயணங்கள் நின்றன.

2025 ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஹமீட் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கண்டியில படிச்ச ஆள், நீங்க வந்து லைலாவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார். நான் போனபோது சித்தி லைலா சுவர் நாட்காட்டியின் கிழித்த தாள்களைப் பாயில் விரித்து வைத்திருந்தார். பின்பக்கம் முழுவதும் எழுத்து.

"கண்டிக்கோ? ஏழு நாளைக்கோ?" ஹமீட் ஆசிரியரின் குரல் வாசலைத் தாண்டியது. "ஏழு நாளைக்கு அங்க என்ன வேல?"

"ஒரு வேலயும் இல்ல மச்சான். அதுக்குத்தான் போற."

"அது பௌத்தர்கள்ட புனித நகரம், புள்ள."

"ஓம். அதுதான் பாக்கப் போறன். தலதா மாளிகைய வெளிய நிண்டு பாப்பன். கும்பிடவா போறன்? ராசாமாரு இருந்த ஊர். வாவியும் தோட்டமும் ஒருத்தருக்கும் தனிச்சொத்தில்லயே."

"சாப்பாடு?"

அவர் இரண்டாவது தாளை எடுத்தார். பள்ளிவாசல்கள் எங்கே, பெண்கள் தொழ இடமுள்ளவை எவை, ஹலால் உணவுக் கடைகள் எந்தத் தெருவில், எந்தக் கடையில் குடும்பத்துக்குத் தனி மேசை உண்டு என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்டு எழுதியிருந்தார். கண்டியில் மஃரிபுத் தொழுகை நம்மூரைவிட ஏறத்தாழ ஐந்து நிமிடம் பிந்தும் என்பதும் அதில் இருந்தது. ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் எழுதவில்லை. பெரஹரா ஊர்வலம் முடிந்து சனம் குறைந்த செப்டெம்பரைத் தெரிந்தெடுத்திருந்தார். தங்குமிடம் பள்ளிவாசலுக்குப் பின்புற ஒழுங்கையில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடி. அந்த விடுதிக்காரி, "அறையில காஸ் அடுப்பும் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னபோது, "அப்ப அந்த அறை வேண்டாம், அடுப்பில்லாததத் தாங்க" என்றாராம்.

"காலம் சரியில்ல லைலா. அபாயாவோட அந்த ரோட்டால போறதா? அண்டைக்கு எரிச்ச எரிப்ப மறந்திட்டியா?"

"மறக்கல்ல. எரிஞ்ச கடைய அந்தச் சனம் திருப்பிக் கட்டித் தொறந்து வச்சிருக்கு. நாம பயந்து போகாம இருந்தா அங்க ஆரு போய்ச் சாப்பிடுற?"

ஹமீட் ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"துணைக்கு மஹ்ரமான ஆம்புள இல்லாம போக ஏலாது."

"இந்தா இருக்கார்." கணவரைச் சுட்டினார்.

அப்துல் ஸமட் மென்மையான மனிதர். தமையனுக்கு எதிராக ஒரு வாக்கியத்தை முடித்ததை எவரும் கேட்டதில்லை. "வயல் வெட்டு முடியட்டும் காக்கா, பாப்பம்" என்றார்.

"இருபத்திமூணு வருஷமாப் பாப்பம்தான்" என்றார் மனைவி.

ஹமீட் ஆசிரியர் தொடையில் தட்டினார். "சரி, முடிஞ்சி. எல்லாருமாப் போவம். பஸ்ஸ நான் பிடிக்கிறன். கிடாரத்தையும் ஏத்துவம்."

"பஸ்ஸில வாங்க மச்சான், சந்தோசம். கிடாரம் வந்தா நான் அதத் தொடமாட்டன்."

"கேட்டீங்களா சேர்? கிடாரத்தோட கோவமாம்!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நான் எழுந்தபோது, சித்தி லைலா பேனையுடன் என் பக்கம் திரும்பினார். "சேர், வாவியச் சுத்தி நடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு மணித்தியாலம் வேணும்."

"அண்டைக்கு அரை மணித்தியாலம் எண்டீங்க" என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. தாளில் 'புதன், வாவி, ஒண்டரை மணித்தியாலம், அங்கங்க இருந்து இருந்து' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை, அவருடைய வீட்டின் பின்புறத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக, பயணமில்லாத நாளெல்லாம் கவிழ்ந்து கிடந்த கிடாரத்தை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, ஹமீட் ஆசிரியரின் வாசலில் இறக்குவித்தார். "அது எனக்குச் சீதனமா வந்ததில்ல" என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி.

செப்டெம்பர் பதினைந்தாம் திகதி, திங்கட்கிழமை, காலை பஸ்ஸுக்கு அவர் ஒரு பையுடன் கல்முனையில் நின்றார். கணவர் வருவாரா என்பது அதுவரை அவருக்கும் தெரியாது. பஸ் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கையில், புதுச் சாரத்துடன் அப்துல் ஸமட் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

புதன்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு ஹமீட் ஆசிரியர் பிடித்த எங்கள் சிறிய பஸ் சித்தி லைலா தங்கிய ஒழுங்கையின் முகப்பில் போய் நின்றது. இருபது பேர். பின்னிருக்கையில் கிடாரம், சஹன்கள், ஊரில் அறுத்துத் துப்புரவாக்கி ஐஸ் பெட்டியில் வைத்த பன்னிரண்டு கோழிகள். லைலா கோபித்தாலும் கோழியைக் கண்டால் இளகிவிடுவார் என்பது ஹமீட் ஆசிரியரின் கணக்கு. அதில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிழைவிட்டோம்.

சித்தி லைலா அபாயா அணிந்து, கையில் குடையுடன் படியிறங்கி வந்தார். பின்னால் கணவர்.

"லைலா, வா வா. கோழி பழுதாகப் போகுது. ஆத்தங்கரைக்குப் போவம்."

"நீங்க போங்க மச்சான். இண்டைக்கு எனக்கு வாவி."

"அப்ப ஆரு சமைக்கிற?"

"ஆருக்குப் பசிக்கிதோ அவங்க."

பஸ்ஸுக்குள் ஒரு சிறுமி சிரித்தாள். யாரோ அவளை அடக்கினார்கள். ஹமீட் ஆசிரியர் தம்பியை நோக்கித் திரும்பினார். "ஸமட், உன்ட பொஞ்சாதிக்குச் சொல்லு."

தெருவில் போவோர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்தி லைலா கணவரைப் பார்க்கவில்லை. தெருமுனையில் மரங்களுக்கிடையே மினுங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்துல் ஸமட் மனைவியின் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தார்.

"காக்கா, இண்டைக்கு வாவிக்கு எண்டு தாளில எழுதியிருக்கி" என்றார். அது முடிந்த வாக்கியம்.

ஹமீட் ஆசிரியரின் மனைவி நஸ்லியா பஸ்ஸிலிருந்து இறங்கினார். "நில்லு லைலா, நானும் வாறன். ஆறு தரம் உனக்கு வெங்காயம் உரிச்சுத் தந்த கை இது." அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் இறங்கினார்கள். அந்த வரிசை தெருமுனையில் திரும்பும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸுக்குள் எஞ்சியவர்கள் ஒன்பது ஆண்களும் ஒரு கிடாரமும்.

"சேர், உங்களுக்குச் சோறாக்கத் தெரியுமா?" என்றார் ஹமீட் ஆசிரியர்.

"இலக்கணம் தெரியும்" என்றேன்.

அவர் ஆற்றங்கரைக்குப் போகச் சொல்லவில்லை. ஒன்றரை மணித்தியாலம் அந்த ஒழுங்கையிலேயே இருந்தோம். லுஹர் பாங்கு சொன்னது, தொழுதோம், பசித்தது. பெண்கள் திரும்பி வந்தபோது அவர்களின் முகங்களில் வெயிலும் சிரிப்பும் இருந்தன. சித்தி லைலா நாட்காட்டித் தாளை ஹமீட் ஆசிரியரிடம் நீட்டினார். புதன்கிழமைக்குக் கீழே, 'பகல்: பள்ளிக்கு முன்னுள்ள கடை, மேல்மாடி, இருபத்திரண்டு பேருக்கு இடமுண்டு, சொல்லியாச்சு' என்றிருந்தது.

"நாங்க வருவம் எண்டு தெரியுமா?"

"நீங்க வருவீங்க எண்டும் தெரியும் மச்சான். கிடாரம் வரும் எண்டும் தெரியும்."

அன்று ஹமீட் ஆசிரியர் இரண்டு முறை சோறு வாங்கினார். கடையில் சஹனும் இருந்தது. அதுதான் அவரை முற்றாகத் தோற்கடித்தது. கோழிகள் விடுதிக்காரியின் குளிர்ப்பெட்டிக்குப் போயின. நாங்கள் அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டோம். விடுதிக்காரி அவற்றைப் பொரித்தும் ஆணம் வைத்தும் மீதி நாட்களில் தன் இரு விருந்தினருக்கும் பரிமாறினார். சித்தி லைலா ஏழு நாளையும் முடித்தே வந்தார். ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர்கள் வாவிக்குப் புறப்பட்டபோது நான் பஸ்ஸின் கதவருகே நின்றேன். அவர் என்னைக் கடந்துதான் போனார். 'சேர், இண்டைக்கு அடுப்பப் பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சமைக்கத் தெரிந்தோ தெரியாமலோ நான் அகப்பையைப் பிடித்திருப்பேன். அவர் தலையை அசைத்துவிட்டு நடந்தார். ஊரிலும் வாரம் ஒரு முறையாவது சந்திக்கிறோம். வெயிலைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் கதைக்கிறார். அடுத்த வருடம் அனுராதபுரம் என்கிறார். பதினான்கு வருடங்களுக்கு முன் பாலத்தடியில் நான் ஒப்புக்கொண்ட அந்த அரை மணித்தியாலத்தை அவர் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.