நடு நாற்காலியில் யார்?

குரூப் போட்டோ பிடிப்பது கேமரா வேலை அல்ல, நாற்காலி வேலை. இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒத்துக்கொள்வார்கள். வெளிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். கண்ணாடித் தகட்டை மருந்து பார்த்துக்கொள்ளும். நடுவில் போட்ட நாற்காலியில் யார் உட்காருவது என்பதை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பதுளைக் கடைவீதியில் எந்தக் கடையில் ஏறினாலும் ஒரே பேச்சு. இந்த நாட்டுக்கு எந்த ஆட்சி பொருந்தும்? ராஜாவா, துரைமாரா, சட்டசபையா, ஆளுக்கொரு ஓட்டா? "நீங்க பேப்பருக்கு எழுதுறவராச்சே, சொல்லுங்க" என்று என்னையும் இழுக்கிறார்கள். கொழும்புத் தினசரி ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்புகிறேன், உண்மைதான். ஆனால் ஆட்சிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடைவீதியில் என் ஸ்டூடியோவுக்கு மாதத்தில் நாலு பேர் வந்தால் அதிகம். எனக்குச் சோறு போட்டவை தேயிலைத் தோட்டங்கள். வெளியாள் தோட்டத்துக்குள் நுழைய அங்கே அதிகாரியான வெள்ளைக்காரத் துரை கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல் கேஸ். நாற்காலி விஷயத்தில் பெரிய மனிதர் ஒருவர் மனம் கோணினால் சீட்டு போகும். சீட்டு போனால் ஸ்டூடியோ போகும். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக் கப்பல் ஏற வேண்டியதுதான். கீழே வரும் படங்களையெல்லாம் இந்தப் பயத்தோடுதான் பிடித்தேன்.

வராத ராஜா

மகாராணி காலமாகி அவர் மகன் முடிசூடிய சமயம். நான் தொழிலுக்குப் புதுசு. பதுளை வியாபாரிகள் பன்னிரண்டு பேர் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் விழாப் படத்துக்குக் கூடினார்கள். ஒருவர் கடைக்கு எதிர்க்கடை இன்னொருவருடையது. நடு நாற்காலியை ஒருவர் பார்த்தால் மற்றப் பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. யாரும் உட்காரவில்லை, யாரும் வீட்டுக்கும் போகவில்லை.

கடைசியில் ஜவுளிக்கடை வீரபத்திரப் பிள்ளை ஆளனுப்பி, தம் கடையில் மாட்டியிருந்த புது ராஜாவின் படத்தை வரவழைத்தார். அதை நடு நாற்காலியில் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான். ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம், பதவிசாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் லென்ஸ் மூடியைக் கழற்றி மூன்று எண்ணி மறுபடி மூடும்வரை ஒரு மீசைகூட அசையவில்லை. ராஜாமேல் இவ்வளவு பக்தியா என்று பிள்ளையைக் கேட்டேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ராஜான்னா இப்படித்தான் தம்பி இருக்கணும். நடுவுல உக்காந்திருக்கணும், ஆனா இங்க இருக்கக் கூடாது."

சொன்னால் சிரிப்பார்கள்

எல்லப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே நாற்காலித் தகராறே கிடையாது, ஏனென்றால் ஒரே நாற்காலி. துரை அதில் உட்கார்ந்தார், காலடியில் அவர் நாய். பின்னால் காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்த முன்னூறு பேர் வரிசையாக நின்றார்கள். மூட்டமான நாள்; மூடியைத் திறந்து ஐந்து எண்ண வேண்டியிருந்தது. யாராவது அசைந்து படம் கலங்கிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருக்கையில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கையிலிருந்த பிரம்பை ஒருமுறை தரையில் தட்டினார். முன்னூறு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அந்தப் படத்தில் அசைந்தது நாய் மட்டும்தான்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒவ்வொரு முகமும் செதுக்கியதுபோல இருந்தது. துரைக்கு முதலில் சந்தோஷம். கொஞ்ச நேரம் பார்த்தபின் முகம் மாறியது. தோட்டத் தமிழில் கங்காணியைக் கேட்டார்: "என்ன கங்காணி, எல்லா ஆளும் சாவு வீட்டில நிக்கிற மாதிரி இருக்கு? ஒரு ஆள்கூட ஏன் சிரிக்கல்ல?" கங்காணி கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்: "சிரிக்கச் சொல்லலீங்களே தொரை. சொன்னா சிரிப்பாங்க."

முகத்துக்கு நானூறு ஏக்கர்

துரைமார் கிளப்பில் ஒரு படம். யார் எங்கே என்பதை அவர்களே காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய தோட்டத்துத் துரைமார் முன்னால் நாற்காலியில், நடுத்தரம் அடுத்த வரிசையில், சின்னத் தோட்டக்காரர்கள் கடைசியில். சொத்துக்கேற்ற இடம், சண்டையே இல்லை. ஆனால் நடு வரிசையில் நின்ற இரண்டு பேர் நல்ல ஆகிருதி. கடைசி வரிசையில் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. அவர்களைக் கொஞ்சம் மேலே ஏற்றி நிறுத்தலாமா என்று கிளப் பட்லரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் எனக்காக இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நீங்க புதுசு. இங்க நானூறு ஏக்கருக்குக் கீழ இருக்கவங்களுக்கு மொகம் கெடையாதுங்க."

எல்லோரும் சமம்

பதுளை இளைஞர்கள் ஒரு வாசகசாலை தொடங்கினார்கள். செயலாளர் பாலகிருஷ்ணன் இரண்டு வருஷம் சென்னையில் படித்துவிட்டு வந்தவர், பலசரக்குக்கடை முதலாளியின் மகன். நான் நாற்காலியை இறக்கியதும் ஓடிவந்து தடுத்தார். நாற்காலியே கூடாதாம். முன்வரிசை பின்வரிசை கூடாதாம். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இந்தத் தொழிலில் நான் காத்திருந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மொத்தம் இருபத்தெட்டுப் பேர். ஒரே வரிசையில் நிறுத்தினால் கேமராவுக்குள் பாதிப்பேர்கூட அடங்கவில்லை. நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன், போனேன், பாதையைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஒருவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்துதான் இருபத்தெட்டுப் பேரும் அடங்கினார்கள். படம் தயாரானதும் செயலாளரின் தகப்பனார் மகனோடு என் ஸ்டூடியோவுக்கு வந்தார், கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். மிளகு மிளகாக இருபத்தெட்டுத் தலை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் சமமாத்தாம்பா இருக்கீங்க. யார் யாருன்னுதான் தெரியல."

ஏழு தலைவர்கள்

பசறைப் பக்கம் ஒரு கோயில் கமிட்டி. ஏழு பேர். தலைவர் பதவியை ஆளுக்கொரு வருஷம் முறைவைத்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தார்கள். முதல் வருஷம் யார் என்பது மட்டும் பேசி முடியவில்லை. ஆகவே படத்திலும் முறை வைத்தார்கள். ஒவ்வொருவராக நடு நாற்காலியில் உட்கார, ஏழு தகடு எடுத்தேன். ஆளுக்கொரு படம், அவரவர் படத்தில் அவரவர் நடுவில். வியாபாரம் என்று பார்த்தால் இதைவிட நல்ல ஆட்சி பூமியில் கிடையாது. ஒருவர் மனமும் கோணவில்லை. ஏழு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

ஏழு படமும் அவரவர் கடைகளில் மாட்டப்பட்டன. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கோயில் பூசாரி நனைந்த வேட்டியோடு என் ஸ்டூடியோவுக்குள் வந்தார். படம் பிடித்தவனுக்காவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறார். "ஏழு கடையிலயும் ஏறி எறங்கிட்டேங்க. ஏழு பேரும் நடுவுலதான் உக்காந்திருக்காங்க. அம்மன் தலையில மழை ஒழுகுது, அத யார்கிட்ட சொல்றது?"

இருளாயி உட்கார்ந்த நாள்

இது சமீபத்தில் நடந்தது. ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தோட்டம். பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். சின்னத் துரை பொறுப்பில் இருந்தார், மீசை சரியாக முளைக்காத வயது. ஆனால் அங்கே உண்மையான அதிகாரம் பெரிய கங்காணி முத்துக்கருப்பனுடையது. பக்கத்து நாலு தோட்டங்களிலும் கங்காணிகள் அவருக்குச் சம்பந்திமார். அவர் தலையாட்டினால் எனக்கு ஐந்து தோட்டத்துச் சீட்டு. ஆட்டாவிட்டால் ஐந்தும் இல்லை. வருஷப் படத்தில் துரைக்கு அடுத்த நாற்காலி எப்போதும் அவருக்குத்தான். அன்றும் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப்பூண் தடி சகிதம் காலையிலேயே வந்து, "போட்டோக்காரரே, இந்தத் தடவ நடு நாற்காலியே நமக்குத்தான். தொரை சின்னப்புள்ள, ஓரமா நிக்கிறேன்னு சொல்லிட்டாரு" என்றார்.

சின்னத் துரை ஓரமாகத்தான் நின்றார். ஆனால் நின்றுகொண்டே ஒரு காரியம் செய்தார். கொழும்பில் எல்லோருக்கும் ஓட்டுக் கொடுக்கலாமா என்று பேசுகிறார்களாம், பேப்பரில் படித்தாராம், இங்கேயும் பார்த்துவிடலாமாம். நடு நாற்காலியில் யார் உட்கார வேண்டுமோ அவர் பின்னால் போய் நில்லுங்கள் என்றார். கங்காணி சிரித்துக்கொண்டே இடது பக்கம் போய் நின்றார். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "நம்ம இருளாயி அக்கா!" இருளாயி, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிரசவம் பார்க்கிறவள். பகலில் அவளும் கொழுந்துதான் எடுக்கிறாள். பெண்கள் அவள் பின்னால் போனார்கள். அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் தகப்பன்மார் தயங்கித் தயங்கிப் போனார்கள். எல்லாம் முடிந்தபோது கங்காணிக்குப் பின்னால் அவருடைய இரண்டு மகன்களும் கணக்கப்பிள்ளையும் நின்றார்கள். கணக்கப்பிள்ளையும் அரையடி தள்ளித்தான் நின்றார்.

கங்காணி ஜனங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். என் ஐந்து சீட்டும் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்குவதுபோல இருந்தது. இருளாயி தலைக்குமேல் போர்த்தியிருந்த கொங்காணியை உதறிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மூடியைக் கழற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. தலையைத் திருப்பி, "ஏன் எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? புள்ளையா பொறக்குது? விடுங்கடி மூச்ச!" என்றாள். இருநூறு பேர் சிரித்தார்கள், சின்னத் துரையும்தான். நான் எண்ணுவதை மறந்துவிட்டேன்.

கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் என் சீட்டைக் கிழிக்கப்போகிற பெரிய துரை திரும்பி வர இன்னும் சில நாள்தான் இருந்தது. தூத்துக்குடியில் இருக்கும் மச்சானுக்கு, நான் அங்கே வந்தால் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கடிதம் எழுதி வைத்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. பத்தாம் நாள் பகலில் முத்துக்கருப்பன் ஸ்டூடியோவுக்கு வந்தார். தடியை மேசைமேல் வைத்தார். "படத்த எடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இருநூறு பேரும் சிரிப்பில் கலங்கிக் கிடந்தார்கள். இருளாயிக்கு இரண்டு தலை. சின்னத் துரை ஆவிபோல இருந்தார். இடது ஓரத்தில், சிரிக்காமல் நின்ற கங்காணி மட்டும் மீசை மயிர் எண்ணும்படி தெளிவாக விழுந்திருந்தார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் ஆடிப்போச்சு. நான் ஒருத்தன்தான் மனுசன் மாதிரி இருக்கேன்."

"ஆமாங்க ஐயா."

"இத நம்ம வீட்டுல மாட்டணும். பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"ஐயா... நம்ம சீட்டு?"

"சீட்டுக்கு என்ன? எப்பவும் போலத்தான். நீங்களா ஓட்டுப் போட்டீங்க?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் எதிரில் உட்கார்ந்தார். "வெளிய சொல்லாதீங்க. அன்னிக்கு ஆளுங்க அந்தப் பக்கம் போனப்ப, செத்தோம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனேன். சோறு இருந்துச்சு. தின்னேன். மறுநா பெரட்டுல பேர் கூப்பிட்டா அத்தன பேரும் வந்து நிக்கிறாங்க, இருளாயியும் கூடையோட நிக்கிறா. இதுக்கா இத்தன வருசமா பயந்தேன்?"

எழுந்து தடியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அடுத்த படம் எப்ப? ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிருங்க. லயம் லயமாப் போயி நாலு வார்த்த பேசணும்."

ஆகவே, எந்த ஆட்சி இந்த நாட்டுக்குப் பொருந்தும் என்று கேட்கும் கடைவீதி நண்பர்களுக்கு என் பதில்: தோற்றவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அடுத்த படத்துக்கு நாள் கேட்டு வருகிற ஆட்சி எதுவோ, அதில் படம் கொஞ்சம் கலங்கினாலும் படம் பிடிக்கிறவன் பிழைத்துக்கொள்வான்.