தரையைத் தட்டும் குச்சி

தொண்ணூறுகளில், மதுக்கரைக்குப் பக்கத்தில் ஊரார் சேர்ந்து நடத்திய இயற்கைத் தோட்டத்துக்கு ஞாயிறுதோறும் கற்றுக்கொள்ளப் போவேன். அங்கே பாடம் நடத்திய பெண்மணி சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். எந்தப் பாத்தியில் இறங்கும் முன்பும் மூங்கில் குச்சியால் தரையைத் தட்டுவார். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள், செடிகளுக்கு மூடாக்காகப் போட்டிருந்த சருகை, தட்டாமல், இரு கையாலும் அள்ளினேன். அடியிலிருந்து நல்லபாம்பு ஒன்று படமெடுத்து எழுந்தது.

“அசையாதீங்க சார்,” என்றது பின்னாலிருந்து அவர் குரல்.

என் விரலுக்கும் அதன் வாய்க்கும் ஒரு சாண்கூட இல்லை. மூச்சுவிடவே பயந்தேன். வெகுநேரம் கழித்து அது படத்தைத் தாழ்த்தி வேலியோரம் ஊர்ந்தது. உடனே மண்வெட்டியை எடுத்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

“உட்டுருங்க சார். எலி தின்ன வந்ததுங்க.”

“உங்களுக்குப் பயமே இல்லீங்களா?”

“நெதமும் பயந்துட்டேதானுங்க உள்ள வாரேன்.” குச்சியால் சருகை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். “நான் பயப்படறதுக்கு அதைய எதுக்குங்க அடிக்கோணும்?”

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. பிறகு எப்போதுமே போகவில்லை. அவர் மட்டும் நாள்தோறும் அதே பயத்தோடு தரையைத் தட்டிவிட்டு, உள்ளே இறங்கியிருப்பார்.