பின்சீட்டில் ஒரு காது

ஒரகடம் கார் தொழிற்சாலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘காது’ என்பார்கள். காது இன்னைக்கு வந்திருக்கா, காதைக் கூப்பிடு, காது கையெழுத்து போட்டாச்சா. முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தப் பட்டம் தலைக்கேறிவிட்டது. இன்னும் விற்பனைக்கு வராத வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே எங்காவது வேண்டாத சத்தம் வருகிறதா என்று கேட்பதுதான் என் வேலை. இன்ஜின் சத்தத்துக்குப் படித்தவர்களும் மைக்குகளும் தனியாக உண்டு. என் பங்குக்கு வருபவை சில்லறைச் சத்தங்கள். கதவுக்குள் ஒரு கம்பி தட்டும், சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் ஆடும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும். மைக்கிலும் இவை பதிவாகும். ஆனால் கேட்கிற மனிதனுக்கு எரிச்சல் வருமா என்று மைக்குக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிற ஆள் என்பதால்தான் என்னை இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

சோதனை ஓட்டத்துக்கென்று ஓர் ஆசாரம் உண்டு. ஏறும் முன் சாவி, போன், சில்லறை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். இடுப்பு பெல்ட்டைக் கழற்ற வேண்டும். என் ஓட்டுநர் பிள்ளைப்பாக்கத்துக்காரன். அவன் இடுப்புத் தாயத்து ஆடிச் சத்தம் போடுகிறது என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். அன்றிலிருந்து அதன்மேல் துணி சுற்றிக்கொண்டுதான் வருவான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஓட்டுநருக்கு எது கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் என் கவனம் அங்கே ஓடிவிடும் என்பது நான் போட்ட சட்டம். காது மட்டும்தான் தாளில் எழுதும். ஆறு வருஷத்தில் நாங்கள் வண்டிக்குள் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் தலைமுறைச் சோதனை வண்டி வெளிநாட்டிலிருந்து வரைபடமாக வந்தது. ‘வளரும் சந்தைகளுக்கான நடுத்தர எஸ்யூவி’ என்று காகிதத்தில் போட்டிருந்தது. வளரும் சந்தை என்றால் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும் ஊர் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். வரைந்தவர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், ஆனால் நம்மூர் வேகத்தடையை வாழ்க்கையில் பார்த்திராதவர்கள். மணிமங்கலம் போகும் வழியில் ஊர்க்காரர்களே கொட்டிவைத்த வேகத்தடைகளை முதல் நாள் தாண்டியபோது வண்டியின் வயிறு தரையில் தேய்ந்தது. உயரத்தைக் கூட்டினார்கள். கூட்டியதும் வளைவில் ஆடியது. ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். இறுக்கியதும் உள்ளே இருந்த எல்லாமே தடதடத்தன. ஹாரன் மூன்றே மாதத்தில் செத்துப்போனது. அவர்கள் ஊரில் ஒரு வருஷம் அடிக்கும் ஹாரனை நம்மவர் குன்றத்தூர் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் அடித்துவிடுவார். பின்சீட்டுக்கு ஏசி காற்று எட்டவில்லை. இங்கே வண்டி வாங்குகிறவரின் அப்பாவும் அம்மாவும் பின்னால்தான் உட்காருவார்கள் என்பதைப் புரியவைக்கவே இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

என் தாளில் சத்தத்துக்கு மூன்றே கட்டம் கொடுத்திருந்தார்கள், மூன்றும் ஆங்கிலத்தில். எனக்கு அது போதவே இல்லை. தளர்ந்த திருகாணி ‘லொடலொட’ என்னும். மணல் புகுந்த கீல் ‘நறநற’ என்னும். ரப்பர் கண்ணாடியில் இழுத்தால் ‘கிறீச்’. கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் தமிழிலேயே எழுதத் தொடங்கினேன். முதலில் திட்டினார்கள். பிறகு வரைபடம் போட்ட வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து நான்கு நாள் என்னோடு பின்சீட்டில் குலுங்கினார். கிளம்பும்போது ‘லொடலொட’ என்று நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொல்லப் பழகியிருந்தார். அடுத்த மாதம் அங்கிருந்து வந்த அறிக்கையில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் தலைமுறையில் ஒயர் கட்டுகளுக்குத் துணி டேப் சுற்றினார்கள், கதவுக்குள் பஞ்சுத் தகடு வைத்தார்கள். என் தாளில் பாதி காலியானது. மூன்றாம் தலைமுறை அதைவிட அமைதி. ஆனால் இன்ஜினியர்கள் கூட்டத்தில் எச்சரித்தார்கள்: இன்ஜின் அடங்க அடங்க, அதுவரை அதற்குள் அமுங்கிக் கிடந்த சின்னச் சத்தங்களெல்லாம் வெளியே வரும், காதுக்கு இனிமேல்தான் வேலை அதிகம் என்று. எனக்கு அப்படி ஒன்றும் அதிகமாகவில்லை. நாளுக்கு நாள் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. நம் வண்டி இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வீட்டில் அப்போது டிவி தகராறு ஓடிக்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் கூட்டுவேன், மகள் குறைப்பாள். புது டிவியின் ஸ்பீக்கர் மட்டம் என்று தீர்ப்புச் சொன்னேன். தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை நடக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். ‘பீப்’ கேட்டால் அழுத்த வேண்டும். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்த எல்லோருக்கும் இதில் ஒரு வித்தை தெரியும். கண்ணாடி வழியாக நர்ஸம்மாவின் முழங்கையைப் பார்த்தால் போதும். ‘பீப்’ விட அது அசையும்போது நாமும் அழுத்திவிடலாம். காது போனது தெரிந்தால் வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் வந்த வித்தை. நானும் ஒன்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் இருந்தவன்தான், காதடைப்பான் கொடுத்தபோது சிரித்தவன்தான். அந்த வருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்து முழங்கையைப் பார்த்தேன். பழக்க தோஷம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமும் பார்த்தேன்.

மூன்றாம் தலைமுறையின் கடைசிச் சுற்றுச் சோதனைக்கு மணிமங்கலம் வழியாகப் படப்பை போய்த் திரும்பினோம். நல்ல வெயில். நடுவில் ஒருமுறை ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ரோட்டைப் பார் என்பதுபோல் முறைத்தேன். இறங்கியதும் ‘சத்தம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் மேலாளர் அம்மா அதே வண்டியில் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் வருகிறது என்றார். என் தாளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் சத்தம் இல்லை. அப்படியானால் என் சோதனைக்குப் பிறகு யாரோ பின்கதவில் கைவைத்திருக்க வேண்டும். கைவைத்தது ஒரே ஆள். வைப்பர் ஒயரை மாற்றுவதற்காகப் பின்கதவின் உள்பலகையைக் கழற்றி மாட்டிய ஃபிட்டர், தென்காசிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு நான்கு வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள். அந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும்.

கிளிப்பைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். கூப்பிட்டு விசாரித்தபோது நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பதினோரு கிளிப்பு சார். ஒவ்வொண்ணும் டக்குனு விழுத வரைக்கும் அமுக்கிட்டுத்தான் கையெடுத்தேன். வேணும்னா கழத்திப் பாருங்க.”

என் தாள் பொய் சொல்லாது என்றேன். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், அதெல்லாம் மறந்துபோய்விட்டது. திட்டுக்கூட இல்லாத இந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஓட்டுநரும் நானும் பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் நின்றோம். டீயை வாங்கியவன் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

“அண்ணா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லண்ணா. நம்ம ஓட்டுன அன்னிக்கே அந்த சவுண்டு இருந்துது. மூஞ்சூறு கத்துற மாதிரி, கீச்சு கீச்சுன்னு. அதேதான் இப்பவும் கீது.”

அப்போதே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று எகிறினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“வண்டில பேசக் கூடாதுன்னு நீதான சொல்லிக்கீற. எறங்கி வந்து பாத்தா நீ ஒண்ணுமே எழுதல. நீயே எழுதலன்னா அது சத்தமே இல்ல போலன்னு நெனச்சிக்கினேன்.”

தன் காதுக்குக் கேட்டதைவிட என் தாளை நம்பியிருக்கிறான். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபப்பட்டுக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் வீடு போய்ச் சேரும்வரை கோபப்பட்டேன்.

மறுநாள் காலை அதே வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். இந்த முறை ஒரு புதுச் சட்டம் போட்டேன். பேச வேண்டாம், சத்தம் வரும்போதெல்லாம் ஸ்டியரிங் மேல் இருக்கும் ஆள்காட்டி விரலைத் தூக்கு.

மணிமங்கலத்து முதல் வேகத்தடையில் விரல் தூக்கினான். எனக்கு டயர் சத்தம் கேட்டது, வெளியே ஒரு பஸ் போனது கேட்டது. இரண்டாவதில் விரல். ஒட்டுப்போட்ட ரோடு வந்ததும் விரல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. திரும்பி உட்கார்ந்து காதைப் பின்கதவில் ஒட்டவைத்தேன். ஒன்றுமில்லை. உள்ளங்கையை வைத்தேன். பலகையின் ஓரத்தில் ஒரு சன்னமான நடுக்கம், விரல் ஏறும்போதெல்லாம் அதுவும் வந்தது. கைக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் விரல் ஏறுவது நின்றுவிட்டது. சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். வண்டி அமைதியாகிவிட்டது என்று நான் பூரித்துப்போன மாதங்களில் எத்தனை சத்தங்களை விட்டிருப்பேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவன் ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே இறங்கி நின்றுகொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஓட்டுநர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்தப் பெண் ஊருக்குப் போய்விடுவாள், பேச்சு அடங்கிவிடும். காது கேட்காத காதுக்கு இங்கே என்ன வேலை? வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். “வேணும்னா கழத்திப் பாருங்க” என்று அவள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் தன் வேலையைக் கழற்றிக் காட்டத் தயாராக இருந்தாள்.

மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முழங்கை வித்தை உட்பட. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லலன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார் கடைசியில்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்” என்றேன்.

உள்பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். பதினோரு கிளிப்பும் அவள் சொன்னபடியே கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. பலகையின் ஓரத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் விட்டிருந்த இடைவெளிதான் போதவில்லை, தப்பு வரைபடத்தில். ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சுத் துணி ஒட்டியதும் சத்தம் போனது. நான் இரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்ட தாள்களையெல்லாம் மறுபடி சோதித்தார்கள். பல பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் என்னால் போயின. திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட அன்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையில் இருந்த கருவியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்.

“காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிருக்கலாம்லா சார். மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. நான் திரும்பி நடந்தபோது, டாக்டரைப் பார்த்தீர்களா என்று பின்னாலிருந்து கேட்டாள். முதல் தடவை கேட்டது என் காதில் விழவில்லை போலும். கிட்டே வந்து மறுபடி கேட்டாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பொத்தானைச் சில தடவைதான் அழுத்தினேன். இப்போது காதில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது; மனிதர் பேசுவது கேட்கும், மூஞ்சூறு கேட்காது. என்னை மழைக் கூண்டுக்கு மாற்றினார்கள். முடித்த வண்டியின்மேல் தண்ணீரைப் பொழியவிட்டு, பிறகு உள்ளே ஏறி ரப்பர் ஓரங்களைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே என்னைக் ‘கை’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பட்டம் கொடுப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை.

வண்டி விற்பனைக்கு வந்த வாரம், லைனில் இருந்து வந்த புது வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கும்போது ஓட்டுநர் என்னையும் கூப்பிட்டான். பழக்கத்தில் பின்சீட்டில் ஏறினேன். சாவியைத் தட்டில் வைத்தேன், பெல்ட்டைக் கழற்றினேன். அதற்கெல்லாம் இனி அவசியம் இல்லை என்று அவன் சொல்லவில்லை. அதே ரோடு, அதே வேகத்தடைகள். இருவரும் பேசவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, அவன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்போட்ட ரோட்டில் வண்டி குலுங்கியது. ஆள்காட்டி விரல் ஸ்டியரிங்கில் படிந்தே கிடந்தது. படப்பை வரும்வரை அது எழும்பவே இல்லை. அவனே விரலைத் தூக்கவில்லை என்றால் அங்கே சத்தம் இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.