தண்ணீர் சொட்டாத மாடி

போர்ட் மோர்ஸ்பி நகரின் வைகானிப் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழே நின்று, ஏசி குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டுகிறாள் போயோ. சொட்டு விழவில்லை. அடுத்த குழாய்க்கு நகர்கிறாள். அதுவும் வறண்டு கிடக்கிறது. ஏசி ஓடாத மாடியில் ஆள் இல்லை. "அஞ்சாவது மாடியும் போயிடுச்சு," என்கிறாள், யாரோ இறந்துவிட்டதுபோல.

அந்த நகரில் அலுவலக இடங்களுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துத் தருவது அவள் தொழில். ஐம்பதைத் தாண்டியவள். பாக்கு மெல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஆள் வருமுன் வாயைக் கொப்பளித்து, சிவப்பு போயிற்றா என்று கார்க் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொள்வாள். இடத்தைப் புகழவே மாட்டாள். "லிஃப்ட் அப்பப்ப நிக்கும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க." பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேர் வேறு தரகரைத் தேடுவதில்லை.

இந்த வருடம் சிக்கல் சொந்தத்துக்குள்ளேயே வந்தது. ‘ஒன்பது மைல்’ என்ற இடத்தின் பக்கம் அவள் குலத்தாருக்கு நிலம் இருக்கிறது. அங்கே பதினான்கு மாடி அலுவலகம் கட்ட ஒரு கம்பெனி வந்தது. நிலம் தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு அவர்களுக்கு. மாதாமாதம் குத்தகைப் பணம் கிடையாது, கட்டடத்துக்கு வரும் வாடகையில் குலத்தாருக்குப் பங்கு. அண்ணன் இகோ வீடு வீடாகப் போய் எல்லாரையும் சம்மதிக்க வைத்திருந்தான்.

சனிக்கிழமை சர்ச் கூடத்தில் கம்பெனிக்காரன் கிரெய்க் படத்தை விரித்தான். "ஊர் வளர்ந்துக்கிட்டே இருக்கு. பத்து வருஷத்துல இதுதான் நடு ஊர்."

நிலப் பேச்சில் பெண்கள் வாய் திறப்பதில்லை. பின்னால் பாயிலிருந்து போயோ எழுந்தாள்.

"வளருது, இல்லேங்கல. ஆனா வர்றவங்க அரிசி வாங்க வர்றாங்க, காய் விக்க வர்றாங்க, பஸ் மாற வர்றாங்க. ஆபீஸ் கேட்டு யாரு வர்றா? இருக்கற மாடியையே நிரப்ப முடியல. காலி மாடியில பங்குன்னா நம்ம கைக்கு என்ன வரும்?"

இகோ சட்டென்று திரும்பினான். "நிலத்துல உனக்கென்ன பேச்சு? உட்காரு."

"உட்காந்துடறேன் அண்ணே. கடையும் கிடங்கும் கட்டச் சொல்லுங்க. மாசாமாசம் குத்தகை கேளுங்க. தர மாட்டோம்னா ஏன்னு கேளுங்க."

"உனக்குக் கமிஷன் வராத வயித்தெரிச்சல்."

யாரோ சிரித்தார்கள். போயோ கிரெய்க்கைக் கை காட்டினாள்.

"அத்தனை மாடிக்கும் ஆள் பிடிக்கிற வேலை எனக்குத்தான்னு போன வாரமே சொல்லிட்டாங்க. அவர்கிட்டயே கேளுங்க."

கிரெய்க் குனிந்து படத்தின் மூலையை நீவிவிட்டான். இகோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குத்தகை தருவீங்களா?"

"அப்படின்னா நஷ்டம் வந்தா முழுசா எங்க தலையில, இகோ."

"இப்ப யார் தலையில?"

கட்டடம் வேண்டுமென்பவர்கள் கை தூக்கலாம் என்றார் குலத்தலைவர். நாலா பக்கமும் கைகள் எழுந்து, இகோவுக்காகக் காத்து நின்றன. அவன் கைகள் இரண்டும் முழங்காலிலேயே கிடந்தன. தூக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது.

போயோ அண்ணன் பக்கம் பார்க்கவில்லை. பாயில் மறுபடி உட்கார்ந்து குனிந்து, ஒழுங்காக இருந்த செருப்பு வாரை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்கப் பேச்சுச் சத்தம் எழுந்த பிறகும் அவள் நிமிரவில்லை.