வாத்தியாரின் வலது கையும் மனசு டாக்டரும்

ஒருத்தர் பேசப் பேச இன்னொருத்தர் விரல் ஒடிய எழுதுவதுதான் சுருக்கெழுத்துத் தொழில். இதில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, நீங்கள் வக்கீலிடமோ கலெக்டரிடமோ அவஸ்தைப்பட்டிருப்பீர்கள். நான் பட்டது மயிலாப்பூரில் ஒரு மனசு டாக்டரிடம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியாகி, மறுபடி நிரம்பியிருந்த சமயம் அது.

பாட்டில் இல்லாத டாக்டர்

டாக்டர் சபாபதி சீமையில் படித்தவர். வருகிறவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, "மனசுல வர்றதையெல்லாம் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான் வைத்தியம். வெட்கப்பட்டோ பயந்தோ நாம் உள்ளே போட்டுப் பூட்டியது சும்மா கிடக்காது, நம் குணத்தையும் உடம்பையும் ஆட்டிவைக்கும், எல்லாவற்றுக்கும் வேர் ஐந்து வயசுக்குள் இருக்கும் என்பது அவர் படித்துவந்த சித்தாந்தம். திரைக்குப் பின்னால் நான் எழுதுவதையும், அது வெளியே போகாது என்பதையும் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். அதனால்தான் இங்கே பேரையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

சாந்தோமிலிருந்து ஆரோக்கியசாமி வாத்தியாரைக் கொண்டுவந்து இறக்கிய ஜட்காக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இன்னா நைனா, மருந்து பாட்டிலு ஒண்ணுகூட காணோம். இது டாக்டரு வூடா, வக்கீலு வூடா?"

விறைத்த விரல்கள்

வாத்தியாருக்குச் சாப்பிட, சிலுவை போட, பித்தான் மாட்ட வலது கையில் ஒரு குறையும் இல்லை. சாக்பீஸை எடுத்தால் மட்டும் விரல்கள் கட்டையாகிவிடும். ஒரு வருஷம் பையன்களை விட்டே போர்டில் எழுதவைத்து ஓட்டியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்த அன்று குட்டு உடைந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது எழுதினால் வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு குழந்தைகள். எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறதென்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

டாக்டர் அந்தக் கையைத் தன் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் நடிக்கிறேங்கிறாங்க சார். வலிக்குதான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

யாருக்கு ஜெயம்?

சின்ன வயசில் அப்பா அந்தக் கையில் பிரம்பால் அடித்ததாக ஒருநாள் வாத்தியார் சொன்னார். போச்சுடா! டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு அப்பாமேல் வெறுப்பு என்றார். இல்லவே இல்லை என்றார் வாத்தியார். இவ்வளவு அழுத்தி மறுப்பதே வெறுப்புக்கு அடையாளம் என்றார் டாக்டர். மூன்று வாரம் இதே பாட்டு. எழுதி எழுதி என் கைதான் விறைத்தது.

கடைசியில் வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆமான்னாலும் நீங்க சொன்னது சரி, இல்லைன்னாலும் நீங்க சொன்னது சரி. அப்ப நான் எதுக்கு சார் பேசணும்?"

குமாஸ்தா வாயைத் திறந்தது

டைப் அடிக்கும்போதுதான் கவனித்தேன். "போன வருஷம் நாங்க வண்டி ஏறினப்போ" என்று வாத்தியார் மூன்று தடவை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியிருந்தார். மூன்று தடவையும் டாக்டர் அவரை ஐந்து வயசுக்கே திருப்பி இழுத்துப் போயிருந்தார். சொன்னால் என் சீட்டுக் கிழியும். பள்ளிக்கூடம் திறக்கப் பதினைந்தே நாள். மனசு கேட்கவில்லை, காகிதத்தை நீட்டிவிட்டேன்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. "சபாஷ் ஐயா. இத்தனை நாள் நான் என் புஸ்தகத்தைத்தான் கேட்டுண்டிருந்திருக்கேன், அவரைக் கேட்கலை."

தெருக்கதவு

மறுநாள், "வண்டி ஏறினப்போ?" என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் வந்தது. ஊர் காலியானபோது, தபால்காரருக்காக வாத்தியார் தெருக்கதவில் சாக்பீஸால் 'எல்லோரும் திண்டிவனம் போயிருக்கிறோம்' என்று எழுதிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார். எழும்பூர் ஸ்டேஷன் வரை வந்த அப்பா, நான் வரமாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தனியாகக் காய்ச்சலில் படுத்தார். தெருவில் மிச்சமிருந்தவர்கள் கதவைப் படித்துவிட்டு, தட்டாமலே போய்க்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் யாரோ தட்டியபோது திறக்க ஆளில்லை.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வாத்தியார் அழக்கூட இல்லை. "என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும் சார். தெருக்கோடியில இருந்தே படிக்கலாம்."

ஜூன் மாசம்

அன்றே கை சரியாகிவிடவில்லை. அதற்கப்புறம் தினமும் வந்தார், அழுதார், அப்பாவைத் திட்டினார், தன்னையும் திட்டிக்கொண்டார். டாக்டர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எனக்கு மட்டும், "அப்பா, சரி. வெறுப்பு, தப்பு. அஞ்சு வயசு, மகா தப்பு. அப்படியே எழுதும்!" என்று உத்தரவு போட்டார். தன் தப்பைத் தானே சொல்லி எழுதவைத்த பெரிய மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் வாத்தியார் வந்தார், சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்பதற்குள் வாத்தியாரே சொன்னார்: "கோணல் மாணலாத்தான் சார் வந்தது. பசங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு மணியடிக்கிற வரைக்கும் எழுதினேன்."

எதற்கெடுத்தாலும் அப்பாவையும் ஐந்து வயசையும் இழுக்கிற, மாசக்கணக்கில் ஆகிற, தப்பென்று யாராலும் நிரூபிக்க முடியாத வைத்தியம்தான் அது. ஆனாலும் எனக்கு மனசு சரியில்லாமல் போனால் முதலில் அந்தச் சாய்வு நாற்காலியைத்தான் தேடுவேன், திரைக்குப் பின்னால் நல்ல குமாஸ்தா இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு.